“கதவைத் திறவுங்கோ”: வன்னியின் முதியோர் இல்லமொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்வெளியை அண்டியிருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில், 81 வயதான ஐயா ஒருவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து, வெறுங்காலுடன் முற்றத்தைக் கடந்து, பூட்டியிருக்கும் இரும்புக் கேற்றைப் பிடித்தபடி நிற்பார். “கதவைத் திற பிள்ளை, நேரம் போகுது” என்பதைத் தவிர அவர் அந்த நேரத்தில் வேறெதுவும் சொல்வதில்லை. இரவுக் கடமையில் இருக்கும் பராமரிப்பாளர் அவரைக் கையில் பிடித்துக் கட்டிலுக்கு அழைத்து வருவார். சில நாட்களில் அவர் அந்தக் கையைத் தட்டிவிடுவார். ஒரு நாள் பராமரிப்பாளரின் முழங்கையில் நகக்கீறலும் விழுந்தது. இல்லத்தின் பதிவேட்டில் இவை “தப்பி ஓட முயற்சி”, “முரட்டுத்தனம்” என்று எழுதப்பட்டன. மூன்றாவது மாதத்தில் நித்திரைக் குளிசை கொடுப்பதைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, அதற்கு முன்னர் சில வாரங்கள் எனக்குத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நான் அங்கே செயற்பாட்டு ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். சம்பந்தப்பட்டவர்களை எவரும் அடையாளம் காணாதபடி இடம், உறவு, காலம் பற்றிய சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.

பின்னணி

ஐயாவின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்து குடியேறியவர். வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை, உருத்திரபுரம் என்று இரணைமடுவை நம்பி உருவான ஊர்களின் கதையே அவருடைய குடும்பத்தின் கதையும். மாரி மழையோடு காலபோகம், குளத்துத் தண்ணீரை அளந்து சிறுபோகம் என்று அவருடைய வருடங்கள் நெல்லின் கணக்கில்தான் போயிருக்கின்றன. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போரினால் அந்த ஊர்கள் வெறிச்சோடியபோது அவரும் மனைவியும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, பின்னர் மீள்குடியேறினார்கள். மனைவி இறந்த பின் மறதிநோய் தெளிவாக வெளிப்பட்டது. மகள் கனடாவில் இருக்கிறார். தனியே அடுப்பு மூட்டிவிட்டு மறந்துபோன ஒரு சம்பவத்துக்குப் பிறகு அயலவர்களும் கிராம அலுவலரும் பேசி அவரை இல்லத்தில் சேர்த்தார்கள்.

சேர்க்கும்போது நிரப்பிய கோவையில் அடையாள அட்டை இலக்கம், இரத்த அழுத்தம், மருந்துகள், மகளின் தொலைபேசி இலக்கம் எல்லாம் இருந்தன. அவர் என்ன வேலை செய்தார் என்ற கேள்வியே அந்தப் படிவத்தில் இல்லை. இல்லத்தில் அவர் “7ஆம் கட்டில் ஐயா” என்றே அழைக்கப்பட்டார். அப்படி அழைத்தவர்கள் எவரும் மனக்கடினம் உள்ளவர்கள் அல்லர். 26 முதியவர்களைப் பகலில் மூன்று பேரும் இரவில் ஒருவரும் பார்க்கும் இடத்தில், கட்டில் இலக்கம்தான் மருந்து மாறிப்போகாமல் காக்கிறது.

அவர் கேட்டது எந்தக் கதவு

இங்கிலாந்தின் பிராட்போர்டில் பணியாற்றிய டொம் கிற்வுட் (1937–1998), மறதிநோய் உள்ளவரின் நடத்தையை மூளையின் சிதைவு ஒன்றை மட்டும் கொண்டு விளக்க முடியாது என்று வலியுறுத்தினார். அவருடைய உடல்நிலை, குணம், வாழ்ந்த வாழ்க்கை, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதம் ஆகியவையும் அதில் சேர்ந்திருக்கின்றன என்றார். அன்பை நடுவில் வைத்து ஆறுதல், பிணைப்பு, கூட்டத்தில் ஒருவராக இருத்தல், கைக்கு ஒரு வேலை, தான் இன்னார் என்ற அடையாளம் ஆகிய ஐந்து தேவைகளை அவர் எடுத்துக்காட்டினார். ஆள்மையப் பராமரிப்பு என்று இன்று நாம் சொல்வதன் அடித்தளம் பெரும்பாலும் இதுவே. ஆனால், இந்த அளவுகோலை எடுக்குமுன் உடம்பைப் பார்க்க வேண்டும். முதியவர் ஒருவர் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத நோவு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதை நான் எல்லாப் பராமரிப்பாளர்களிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். ஐயாவை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். தொற்று எதுவும் இல்லை. இரண்டு காதுகளிலும் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்த பின் மற்றவர்கள் சொல்வது கேட்டு அவர் பதில் சொல்லத் தொடங்கினார். பகலில் கோபமும் குறைந்தது. விடியற்காலை நடை மட்டும் நிற்கவில்லை.

ஒரு கிழமை நானும் அதிகாலையில் அங்கே இருந்தேன். நான்காம் நாள்தான் அவருடைய சொல் என் காதில் உறைத்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் வளவின் வாசலில் இருப்பது படலை. இரும்பில் செய்திருந்தால் கேற். அதை எவரும் கதவு என்று சொல்வதில்லை. அதே ஐயா பகலில் வாகனம் வந்தால் “கேற்றைத் திறவுங்கோ, ஆரோ வந்திருக்கினம்” என்று சரியாகவே சொல்கிறார். அப்படியானால் விடியற்காலையில் அவர் கேட்கும் கதவு எது?

சமையல்கட்டில் வேலை செய்யும் அக்கா அயலூர்க்காரி. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொன்னபோது, துருவுவதை நிறுத்தாமலே, “அவர் வட்டவிதானையார் எல்லோ. துருசுக் கதவைத்தான் கேக்கிறார்” என்றார்.

துருசு என்பது வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. வட்டவிதானை என்றால் வன்னிக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளங்காமல் போகலாம். ஒரு வாய்க்காலின் கீழ் வரும் வயல்களுக்குத் தண்ணீர் முறையைப் பார்ப்பதற்குக் கமக்காரர்கள் தங்களுக்குள் தெரிவு செய்யும் ஆள் அவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம், வாய்க்கால் கரை எங்கே உடைகிறது, மேட்டு வயல்காரர் களவாய்த் தண்ணீர் திருப்பினாரா என்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. துருசு திறக்கப் பிந்தினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அந்த வயல்காரர் அன்று மாலை வீட்டுப் படலையில் வந்து நிற்பார். பல வருடங்கள் அந்தப் பொறுப்பைச் சுமந்த ஒருவரின் உடம்பு, கிழமையையும் மாதத்தையும் மறந்த பின்னரும், எழும்ப வேண்டிய நேரத்தை மறக்கவில்லை. மறதிநோயில் அண்மைய நிகழ்வுகள் முதலில் அழிகின்றன. கை பழகிய வேலையின் நினைவு நெடுநாள் தங்குகிறது. கடமைக்குப் போகப் புறப்பட்ட மனிதரை நாங்கள் மூன்று மாதமாகத் தப்பி ஓடுபவர் என்று எழுதி வைத்திருந்தோம்.

வாய்க்கால் வரை

இல்லத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் தொலைவில் ஒரு கிளை வாய்க்கால் ஓடுகிறது. விடியற்காலையில் அவரை அங்கே கூட்டிச் செல்லலாம் என்று நான் சொன்னபோது நிர்வாகம் தயங்கியது. மகள் வட்ஸ்அப்பில் அழுதார். “அப்பாவை வெளியில விடாதேங்கோ. விழுந்து கால் முறிஞ்சா ஆர் பாக்கிறது? நான் இங்க இருந்து என்ன செய்ய ஏலும்?” அந்தப் பயம் நியாயமானது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தகப்பன் பத்திரமாக இருக்கிறார் என்பதுதான் ஒரே ஆறுதல். நான் அவருக்கு வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. கேற்றில் தள்ளுமுள்ளுப் படும்போதும் அவர் விழலாம், குளிசை குடித்த தூக்கக் கலக்கத்திலும் விழலாம் என்பதைச் சொல்லி, எந்த ஆபத்தை நாங்கள் தெரிவு செய்யப் போகிறோம் என்று கேட்டேன். முதியோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. ஒரு மனிதரைப் பூட்டிய கேற்றுக்குப் பின்னால் வைத்திருப்பது பாதுகாப்பு என்று மட்டும் சொல்லித் தீர்த்துவிடக்கூடிய விடயமல்ல என்றே நான் அந்தச் சட்டத்தை விளங்கிக்கொள்கிறேன். யார் கூடப் போவது, எந்தச் செருப்பு, ரோச் லைற், ஊன்றுகோல், மழை நாளில் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி, மகள், மேற்பார்வையாளர், நான் ஆகிய மூவரும் உடன்பட்டோம். இரவுக் கடமையில் ஒருவரே இருப்பதால், ஐயாவுடன் போவதற்காக ஒரு பகல் பராமரிப்பாளர் ஒரு மணித்தியாலம் முன்னதாக வந்து அதேயளவு முன்னதாகப் போக ஒழுங்கு செய்தோம். செலவில்லாத ஒழுங்கு அது. ஆனால் அந்தப் பிள்ளை இருட்டில் சைக்கிளில் வரச் சம்மதித்திராவிட்டால் இந்த முயற்சி அங்கேயே நின்றிருக்கும்.

முதல் நாளை நான் விரிவாகவே பதிவு செய்தேன். கேற்றைத் திறந்ததும் ஐயா எங்களை நிமிர்ந்து பார்த்தார், வேகமாக நடக்கவில்லை. வாய்க்கால் கரையில் வந்து நின்று, சாரத்தை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஈரமான கரையில் குதிக்காலை அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வயலுக்குப் போகும் வாயில் அடைத்திருந்த புற்கட்டி ஒன்று சற்று விலகித் தண்ணீர் கசிந்தது. அவர் அதைக் காலால் தள்ளிப் பொருத்தி, மேலே ஒரு கைப்பிடி சேறு வைத்து, உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். கசிவு நின்றது. “சரி, இனிப் போவம்” என்று சொல்லிவிட்டு அவரே திரும்பி நடந்தார். இல்லத்தில் வந்து கால் கழுவி, தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் கேட்டு வாங்கிய முதல் தேத்தண்ணீர் அதுதான் என்று சமையல்கட்டு அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகு கேற்றில் தள்ளுமுள்ளு நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். மழை நாட்களிலும் ஆள் வராத நாட்களிலும் பழைய பதற்றம் வந்தது. ஆனால் நித்திரைக் குளிசை தேவைப்படவில்லை. பதிவேட்டில் “முரட்டுத்தனம்” என்ற சொல்லை எழுத வேண்டிய தேவையும் அரிதாகிப்போனது. பராமரிப்பாளர்கள் அவரை “விதானையார்” என்று அழைக்கத் தொடங்கியதை நான் எவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனது தவறு

இந்த அனுபவம் தந்த உற்சாகத்தில் எல்லா முதியவர்களுக்கும் ஒரு வாழ்க்கைக் கதைப் படிவம் தயாரித்தேன். றொபேட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முதுமையில் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானதும் பயனுள்ளதுமான ஒரு செயல் என்று 1963இல் எழுதினார். வாழ்க்கைக் கதை கேட்கும் வழக்கம் பராமரிப்பு இல்லங்களில் பரவியதில் அந்தக் கருத்துக்குப் பெரும் பங்கு உண்டு. என்னுடைய படிவத்தின் மூன்றாவது கேள்வி, “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்பது.

ஒரு அம்மாவிடம் அதை நானே கேட்டேன். அவர் விரல்களை மடிக்கத் தொடங்கி, மூன்றாவது விரலில் நின்று, அந்த விரலை மடித்தும் நிமிர்த்தியும் நிமிர்த்தியும் மடித்தும் இருந்தார். இருக்கிறார் என்று எண்ணுவதா, இல்லை என்று விடுவதா என்பது போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலிருந்து அவருக்கு முடியாத கணக்கு. அன்று பகலும் இரவும் அவர் சாப்பிடவில்லை. வன்னியில் எந்தத் தாயிடமும் கேட்கும் முன்னர் நூறு தரம் யோசிக்க வேண்டிய கேள்வியை, வேறு நாடுகளின் படிவங்களில் முதற்பக்கத்தில் இருக்கிறது என்ற காரணத்தால் நான் யோசிக்காமல் சேர்த்திருந்தேன். அந்தப் படிவத்தை அன்றே நிறுத்தினேன்.

இப்போது நாங்கள் கதையைக் கேட்பதில்லை; கையைப் பார்க்கிறோம். முதல் இரண்டு வாரங்கள் பொருட்களை அருகில் வைத்துவிட்டுக் கவனிக்கிறோம்: சுளகு, பாக்குவெட்டி, ஈர்க்கு, குருத்தோலை, வலைத்துண்டும் ஊசியும், கொப்பியும் பேனாவும். எவருடைய கை எதை நோக்கிப் போகிறதோ அங்கிருந்து தொடங்குகிறோம். கதை வருவதாக இருந்தால் வேலைக்கு நடுவில், அவர்கள் விரும்பும் அளவுக்கு வரும். அப்போது கேட்டுக்கொண்டிருக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விரலை மடித்த அந்த அம்மா இப்போது புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பின்னுகிறார். ஓலையை நகத்தால் கிழிக்கும்போது ஒரு நாள், “இவன் மூத்தவனுக்குப் புட்டெண்டால் உயிர்” என்று அவராகவே சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை.

பொருட்களை வைத்துப் பார்ப்பதிலும் ஊகம் பிழைக்கும் என்பதை இன்னொரு அம்மா கற்பித்தார். அவரிடம் பனையோலையைக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். கை நடுக்கம், ஆர்வக் குறைவு என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு நாள் சமையலுக்கு முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த இடத்தில் அவர் வந்து குந்தினார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று பார்க்காமல், நுனிகளைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்தன. எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். முதுகில் கூடை இருப்பதாக அந்தக் கைகளுக்கு நினைப்பு. அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய பல குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். வன்னி முதியவர் என்றால் நெல்லும் பனையும் என்று நாங்கள் வைத்திருந்த எண்ணத்தில் அவருக்கு இடமே இருக்கவில்லை. இப்போது பின்னால் ஒரு கூடை வைக்கிறோம். இல்லத்தின் கீரை வேலை முழுவதும் அவருடையது.

ஊர் உள்ளே வந்த விதம்

எங்கள் இல்லத்துக்கு வெளியார் வராமல் இல்லை. புலம்பெயர்ந்தவர்கள் பிறந்தநாளுக்கும் பெற்றோரின் நினைவு நாளுக்கும் சிறப்பு உணவு வழங்குகிறார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் மாதக் கணக்கு நேராகாது. எனவே அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால், பதாகை கட்டி, முதியவர்களை வரிசையில் இருத்தி, சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் பிடிக்க வைத்துப் படம் எடுத்த பின்னரே உண்ண விடும் வழக்கம் அவர்களை ஒவ்வொரு முறையும் இரந்து நிற்பவர்களாக்குகிறது என்பதை நான் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். பந்தியில் கூட இருந்து சாப்பிடுங்கள், படம் வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள் என்று இப்போது முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். ஓரிருவர் மனம் கோணினார்கள். பெரும்பாலானோர் கூட இருந்து சாப்பிடுகிறார்கள்.

உண்மையான மாற்றம் வாய்க்கால் கரையில் தொடங்கியது. விடியற்காலையில் வயலுக்கு வரும் கமக்காரர்கள் ஐயாவைக் கண்டு, “விதானையார், தண்ணி காணுமோ?” என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலில் அது மரியாதைக்குக் கேட்டது. ஒரு நாள் அவர் ஒரு வயலின் மூலையைக் காட்டி, “அந்த மூலை மேடு, தண்ணி ஏறாது. வரம்பை உள்ளுக்கு வை” என்றார். வயல்காரர் அடுத்த நாளே அப்படிச் செய்தார். இன்றைய திகதியைச் சொல்லத் தெரியாத ஒருவர் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்வையாலேயே அளந்திருந்தார். அந்த வருடம் சிறுபோகக் கூட்டத்தை எங்கள் விறாந்தையில் வைக்கலாமா என்று கமக்கார அமைப்பு கேட்டது. அவர்களுக்கு நிழலும் கதிரைகளும் வேண்டியிருந்தன. நாங்கள் சம்மதித்தோம். எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அவர்கள் வாதாடியபோது, வழக்கமாக மதியம் உறங்கும் ஆறேழு முதியவர்கள் தாங்களாகவே கதிரையை இழுத்துப்போட்டுச் சுற்றி இருந்தார்கள். நான் ஒழுங்கு செய்த எந்த விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அப்படி எவரும் கதிரை இழுத்து வந்ததில்லை.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வாகனம் பிடித்துப் போனோம். கடல் நீரில் விளக்கெரியும் அந்தக் கோவிலுக்குப் போகாமல் ஒரு வைகாசியைக் கழிப்பது பலருக்கு மனக்குறை. சனநெரிசலில் வெடி கொளுத்திய சத்தத்துக்கு இருவர் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். இப்போது பொங்கலுக்கு முந்திய நாட்களில், ஆள் குறைந்த நேரத்தில் போய் வருகிறோம். கேட்டால் வருகிறேன் என்பவர்களை மட்டுமே கூட்டிச் செல்கிறோம்.

இன்றைய நிலை

ஐயாவின் நோய் முன்னேறிவிட்டது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வாய்க்கால் வரை நடப்பது கிழமையில் ஒரு நாளாகி, பின்னர் சில்லு நாற்காலியில் கேற் வரையென்று சுருங்கியது. மகளின் பெயர் சில நாட்களில் வருகிறது, சில நாட்களில் வருவதில்லை. அவர் விடியற்காலையில் எழும்புவது மட்டும் மாறவில்லை. அந்த நேரத்தில் கேற் இப்போது திறந்திருக்கிறது. கடமைக்கு வரும் பிள்ளை அவருக்குப் பக்கத்தில் இருந்து வயலைக் காட்டுகிறாள். இல்லத்தில் சேர்க்கும்போது நிரப்பும் படிவத்தில் தொழில் என்ற கேள்வி முதலாவதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆள் பற்றாக்குறை அப்படியே இருக்கிறது. பராமரிப்பாளர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்தால் இன்னும் நால்வரை விடியற்காலையில் வெளியே கூட்டிச் செல்ல முடியும் என்று ஒவ்வொரு மாதாந்தக் கூட்டத்திலும் எழுதிக் கொடுத்து வருகிறேன்.

கடந்த காலபோக அறுவடைக்குப் பிறகு, அந்த மேட்டு மூலை வயல்காரர் விதைக்கு எடுத்து வைத்த நெல்லில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கினார். ஐயா சாக்கின் வாயில் கையை விட்டு, ஒரு நெல்லை எடுத்து, மிச்சமிருந்த கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காயேல்ல” என்றார். வயல்காரர் மறுவார்த்தை பேசவில்லை. இல்லத்து முற்றத்திலேயே படங்கை விரித்து நெல்லைப் பரப்பிவிட்டு, கோழி வராமல் பார்த்துக்கொள்ளுங்கோ அம்மா என்று நீத்துப்பெட்டி பின்னும் அம்மாவிடம் சொல்லிப்போனார்.